பதினோராவது பேத்தை

படகில் பதிவு எழுதுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்று சொல்ல உங்கள் அலுவலகத்திலேயே ஆள் இருக்கிறார்கள். இப்போது எல்லாம் கைபேசியிலேயே வந்துவிட்டதாம், தப்பாகப் போட்டால் அதுவே சிவப்பாகக் காட்டுமாம். நல்லது, காட்டட்டும். எங்கள் காலத்தில் ஒரு நோட்டு, அதில் நூலால் கட்டிய பென்சில், வாந்தி எடுக்க ஒரு பை, அவ்வளவுதான் சாமான். அதனால் நான் படிவத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. என் கணக்கில் ஒரே ஒரு மீன் இடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். நடுவில் கோபமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள், அது என் சுபாவம்.

நான் ஆரணியை ஒட்டிய சேவூர்க்காரன். தெரு முழுக்கப் பட்டுத்தறி. கடல் எங்களுக்கு பஸ்ஸில் நாலு மணி நேரத் தூரம். விலங்கியல் படித்தேன், பரீட்சை எழுதினேன், மீன்வளம் பார்க்கும் ஒரு அலுவலகத்தில் வேலை போட்டுவிட்டார்கள். சென்னையிலிருந்து கிளம்பும் விசைப்படகுகளில் கூடவே போக வேண்டும். வலை ஏறும்போதெல்லாம் என்ன மீன், எவ்வளவு என்று எழுதி வர வேண்டும். "ஆரணிக்காரனுக்குக் கடல்ல இன்னா வேல?" என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை. படகிலும் விடவில்லை. "பட்டுப் பொடவ விக்க வந்தியா சார்?" என்று முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்கள். நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை, பையில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பிடித்து வைத்துக்கொண்டதை மட்டும் எழுதினால் போதாது, வேண்டாம் என்று திரும்பக் கடலில் கொட்டியதையும் எழுத வேண்டும். அதனால் நோட்டில் இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்று ஏறியது, இன்னொன்று கொட்டியது. பேத்தை மாதிரி யாரும் வாங்காத மீனுக்கு இரண்டு பத்தியிலும் ஒரே எண்தான் வர வேண்டும். பேத்தையை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். தொட்டால் வயிற்றைப் பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும். ஈரலிலும் முட்டையிலும் விஷம், கொதிக்க வைத்தாலும் போகாது. தின்றவனுக்கு முதலில் உதடு மரக்கும், அப்புறம் நாக்கு, அப்புறம் கை கால், கடைசியில் மூச்சு. படகில் அதைக் கையால்கூடத் தொடாமல் காலால் தள்ளிவிடுவார்கள்.

நோட்டில் வராத ஒன்றும் இருந்தது. அதன் பெயர் கறி மீன். கரைக்குத் திரும்பும்போது படகில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் வீட்டுக் குழம்புக்கு என்று ஒரு பை மீன் எடுத்துக்கொள்வார்கள். அது அவர்கள் உரிமை, முதலாளிகூடக் கேட்க மாட்டார். என் முதல் பயணத்தில் நான் பென்சிலும் கையுமாக அந்தப் பைகளின் பக்கம் போய் நின்றேன். படகை ஓட்டுகிறவரை அங்கே டிரைவர் என்றுதான் சொல்வார்கள். அவர் என்னை ஒரு முறை முறைத்தார்.

"சார், வலைல வந்தத எழ்து. கொட்னத எழ்து. எங்க ஊட்டுக் கொழம்புல கை வெக்காத."

வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு கறி மீன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலைந்து பயணம் போன பிறகு எனக்கும் ஒரு பை கட்டித் தர ஆரம்பித்தார்கள். ஒரு மனிதனைத் தங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். எனக்கு ஏக சந்தோஷம். பைக்குள் என்ன போட்டார்கள் என்று குனிந்து பார்ப்பதே மரியாதைக் குறைவு என்று நினைத்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பயணம் கிளம்பும்போது எதிர் வீட்டுக் கன்னியப்பன் அண்ணன் வந்தார். தறி நெய்கிறவர், அதிகம் பேசாத மனிதர். அவர் பெண்ணுக்குக் கலசப்பாக்கத்தில் மாப்பிள்ளை பார்த்து, தட்டு மாற்றி, பத்து நாள் ஆகியிருந்தது. சம்பந்தி வீட்டார் முதல் தடவையாகக் கறிச்சோறு சாப்பிட வருகிறார்கள். எங்கள் பக்கம் அந்தச் சாப்பாடு நல்லபடியாக முடிந்தால்தான் பெண் வீட்டுக்காரனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

"தம்பி, ஞாயித்துக்கெழம பதினஞ்சு பேரு வராங்க. ஏரி மீனு துன்னு சலிச்சவங்க. கடல் மீனு, முள்ளு கம்மியா, ஏதாச்சும் எட்தாந்து குடேன். உன்னத்தான் நம்பிகினு இருக்கேன்" என்றார்.

நான் படகில் சொன்னேன். டிரைவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஆரணி சம்மந்தி விருந்தா? நம்ம படகு மீனா? பெருசாவே கட்டிர்லாம் வுடு" என்றார். முள் கம்மி என்றால் கிளாத்திதான். தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும், உரித்துப் போட்டால்தான் சமைக்க முடியும். உரித்துவிட்டால் வெள்ளை வெளேரென்று கோழிக்கறி மாதிரி இருக்கும். உரித்துத் துண்டு போடும் வேலையை சூசையிடம் கொடுத்தார். சூசை தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரன், முப்பது வயது, வாய் ஓயாது.

கடைசி வலையில் பேத்தை நிறைய ஏறியது. நான் எண்ணி எண்ணிக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். சூசை ஒன்றைக் காலால் புரட்டிவிட்டு, "எங்கூர்ல இத விட்ருவோம்னு நெனைக்கீகளா சார்? ஈரல எடுத்துட்டு, தோல உரிச்சு, கழுவுற வெதத்துல கழுவினா கோழி தோத்துப் போகும்" என்றான்.

"வாய மூட்றா. இது உன் ஊரு இல்ல" என்று டிரைவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஞாயிறு விடிகாலையில் கரை. பையை ஐஸ் போட்ட பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பத்தரைக்கெல்லாம் சேவூர் வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் அப்பா அம்மா போன பிறகு நானும் தங்கை சாந்தியும்தான். அவளும் தறியில் உட்காருகிறவள். பையை வாங்கி எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு, எங்களுக்கு என்று நாலு துண்டு எடுத்து வந்தாள். நான் குளித்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்து, திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய சுத்தப் பிரதியை எழுத உட்கார்ந்தேன்.

கடைசி வலை. பேத்தை. ஏறியது: ஐந்தைந்தாகக் கட்டிய இரண்டு கட்டுக் கோடுகள், பக்கத்தில் ஒரு தனிக் கோடு. கொட்டியது: இரண்டு கட்டு, அவ்வளவுதான்.

பதினொன்று ஏறியிருக்கிறது, பத்து கொட்டியிருக்கிறது.

இங்கேதான் உங்களிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் இப்படி இடித்தபோதெல்லாம் நான் சரி செய்திருக்கிறேன். போன பயணத்திலேயே இரண்டு இடத்தில் செய்தேன். ஒரு கோட்டை அழித்தால் தீர்ந்தது, யார் கேட்கப் போகிறார்கள்? அன்றைக்கும் ரப்பரைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. சூசை சொன்னது ஞாபகம் வந்தது. தோலை உரித்துக் கழுவுகிற விதத்தில் கழுவினால் என்றான். உரித்த கிளாத்தியும் உரித்த பேத்தையும் துண்டு போட்ட பிறகு ஒரே மாதிரிதான் இருக்கும், கண்ணால் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. துண்டு போட்டவன் சூசை. பையை நான் பார்க்கவில்லை.

அப்போது என் மனசு போட்ட கணக்கை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மனசும் ஒரு நாள் இதையே போடும். "நீ எண்ணினதில் தப்பு இருக்கும். படகு ஆடியிருக்கும். ஒரு மீனை இரண்டு தடவை எண்ணியிருப்பாய்." எவ்வளவு சௌகரியமான யோசனை பாருங்கள்! என்னை நானே முட்டாள் என்று ஒப்புக்கொண்டால் போதும், யாருக்கும் ஒன்றும் ஆகாது, நான் படுத்துத் தூங்கலாம். ஆனால் நான் பாவு இழை எண்ணுகிற வீட்டில் வளர்ந்தவன். வாய்விட்டுச் சொல்லி, ஐந்துக்கு ஒரு கட்டு போட்டுத்தான் எண்ணுவேன். அங்கே, அந்த நிமிஷத்தில், மீனைப் பார்த்துக்கொண்டே போட்ட கோடு அது. வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைப் பொய் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

"சாந்தி!" என்று கத்தினேன். எதிர் வீட்டில் பரிமாறப் போவதற்குத் தலை வாரிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"மீனு துன்னியா?"

"பந்தி முடிய நேரமாவும்னு ரெண்டு துண்டு வறுத்து சாப்ட்டேன். உனுக்கு ரெண்டு வெச்சிருக்கேன். இன்னாத்துக்கு இப்டி கத்தற?"

"எப்ப துன்ன?"

"இப்பத்தான், கால் மணி நேரம் இருக்கும்."

"உதடு எப்டி இருக்குது?"

"எரியுது. மொளகாத்தூள் அவ்ளோ போட்டா எரியாம இன்னா பண்ணும்?"

எரிகிறதா மரக்கிறதா என்று நான் கேட்க, அவள் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "நீ கேக்க கேக்க எல்லாமே ஆவற மாதிரி இருக்குது. என்னான்னு சொல்லு" என்றாள். சொன்னேன். அவள் சீப்பை மாடத்தில் வைத்துவிட்டு, "அண்ணா, எதுத்த வூட்ல எல போட்டுட்டாங்க" என்றாள்.

தெருவைக் கடக்க எட்டு அடிதான். அந்த எட்டு அடியில் எனக்கு ஒரு நல்ல பொய் கிடைத்தது. குழம்பில் பல்லி விழுந்துவிட்டது, நான் பார்த்தேன் என்று சொல்லிவிடலாம். யாரும் வாயில் வைக்க மாட்டார்கள், என் பேரும் கெடாது, விஷம் கிஷம் என்ற பேச்சே வராது. வாசலில் கால் வைக்கும்போதுதான் உறைத்தது. குழம்பு வைத்தவள் கன்னியப்பன் அண்ணனின் மனைவி, எங்களுக்கு அண்ணி. கல்யாணம் ஆகுமுன்பே "பொண்ணோட அம்மா பல்லி வுழுந்த கொழம்ப ஊத்தினா" என்று கலசப்பாக்கம் முழுக்கப் பேசுவார்கள். என் நோட்டில் இருக்கும் தப்பைத் தூக்கி அந்த அம்மாவின் அடுப்பில் வைக்கிறேன் என்று புரிந்தது.

உள்ளே வரிசையாக இலை. சோறு போட்டு, குழம்பும் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். நல்ல வேளையாக ஒரு வழக்கம் காப்பாற்றியது. வந்தவர்களில் பெரியவர் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். மாப்பிள்ளையின் அப்பா அப்போதுதான் முதல் கவளத்தை விழுங்கியிருந்தார்.

"யாரும் கை வெக்காதீங்க!" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "மீன்ல தப்பு இருக்குது. சமைச்சதுல இல்ல. நான் எட்தாந்ததுல."

கன்னியப்பன் அண்ணன் தண்ணீர்ச் சொம்போடு அப்படியே நின்றார். "இன்னாடா சொல்ற?"

"வெஷ மீனு பதினொன்னு வலைல ஏறிச்சுண்ணா. பத்துதான் திருப்பிக் கொட்னோம்னு எழ்தியிருக்கேன். ஒன்னு எங்க போச்சுன்னு தெரில. இந்தப் பையில கலந்திருக்கலாம்."

"கலந்திருக்கலாமா, கலந்துச்சா?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

"தெரியலீங்க ஐயா."

அந்த "தெரியலீங்க"வைச் சொல்வது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நிச்சயமாக விஷம் என்றால் எல்லோரும் பயப்படுவார்கள், நிச்சயமாக இல்லை என்றால் சாப்பிடுவார்கள். தெரியவில்லை என்றால் சொல்கிறவனை உதைக்கத்தான் தோன்றும். மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்தே விட்டார். "இன்னும் தாலியே ஏறல, அதுக்குள்ள வெஷமா? வாங்கடா போலாம். நல்ல சகுனம் இது!" என்றார். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டிருந்த அண்ணி சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளையின் அப்பா மைத்துனனைக் கையமர்த்தினார். "செத்த சும்மா இரு. அவனாத்தானே வந்து சொல்றான்?" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, அவசரமே இல்லாமல், "தம்பி, நான் ஒரு வாய் முழுங்கிட்டேனே" என்றார்.

அவர்கள் வந்த வேனிலேயே அவரையும் சாந்தியையும் ஏற்றினோம். குழம்பைக் கொட்ட வேண்டாம், டாக்டர் கேட்கலாம், மூடி போட்டு யாரும் தொடாத இடத்தில் வையுங்கள் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு நானும் ஏறினேன்.  இத்தனை நாளாகக் கட்டிய வீடு அவர் கண் முன்னால் இடிந்துகொண்டிருந்தது, அதை இடித்தவன் நான்.

ஆரணி ஆஸ்பத்திரியில் அன்றைக்கு ஒரு பெண் டாக்டர் இருந்தார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை, அதற்கு அவருக்குக் கோடி புண்ணியம். இரண்டு பேருக்கும் வாந்தி எடுக்க வைத்தார். "இதுக்குன்னு தனியா மருந்து கெடையாதுங்க. மூச்சு திணறினா பாத்துக்கறதுக்கு ஆக்ஸிஜன் இருக்குது. சாயங்காலம் வரைக்கும் என் கண்ணு முன்னால இருக்கட்டும். நீங்க அந்த மீனு எங்க போச்சுன்னு தேடுங்க" என்றார்.

எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். துறைமுகத்தில் படகு முதலாளியின் ஆபீஸ் நம்பர்தான் என்னிடம் இருந்தது. எடுத்தவர், படகு வரிசையின் கடைசியில் கட்டியிருக்கிறது, ஆள் அனுப்பி டிரைவரைக் கூட்டி வரச் சொல்கிறேன், அவரே அந்த பூத்துக்குத் திருப்பிப் பேசுவார் என்றார். உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன், சாந்தியின் உதட்டைப் பார்ப்பேன், பூத்துக்கு ஓடி வருவேன். ஒவ்வொரு தடவையும் அவளும் பெரியவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு தடவை போனபோது அவர் வேர்க்கடலைக்கு என்ன உரம் போடுவது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கை மட்டும் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். அவளுக்கு ஏதாவது ஆனால் நான் எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவேன் என்று நினைத்துக்கொண்டே மறுபடி பூத்துக்கு ஓடுவேன்.

நாலரைக்கு போன் அடித்தது.

"இன்னா சார், ஆள் மேல ஆள் வுட்டு பேஜார் பண்ற? மீனு நல்லா இல்லியா?" என்றார் டிரைவர்.

"பேத்தை ஒன்னு கொறையுதுண்ணே. பதினொன்னுல பத்துதான் கொட்டியிருக்கோம். சூசை கறி மீன்ல போட்டானா?"

அந்தப் பக்கம் டிரைவர் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் எதிரில் இருந்திருந்தால் அடித்திருப்பேன்.

"அது எங்கயும் போவல சார். படகு மூஞ்சிலயே தொங்கிகினு கீது. திருஷ்டிக்கு! காலைல நீ எறங்கிப் போனப்பறம் கட்னான்."

போன் கை மாறியது. சூசையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "சார், வகுத்துல உப்ப அடைச்சு, ஊதிக் காய வச்சிருக்கேன் சார். போன தடவ எஞ்சின் ரிப்பேரு, வலை கிழிஞ்சது, எல்லாம் கண்ணேறுதான். நீங்க எழுதிருவீகளோன்னு பயந்து வலைக்கு அடியில ஒளிச்சு வச்சேன்."

"பையில இன்னா போட்ட?"

"கிளாத்தி மட்டுந்தான் சார். எம்புள்ளைக மேல சத்தியம். நம்ம தின்னுற மாதிரி அவுகளுக்குப் போடுவனா? அவுகளுக்குக் கழுவத் தெரியாதுல்ல."

எனக்கு அதுவும் போதவில்லை. டிரைவரை மறுபடியும் படகுக்கு அனுப்பி, முழு மீன்தானா, ஒன்றுதானா, கையால் தொட்டுப் பார்த்து வந்து சொல்லுங்கள் என்றேன். அவர் முனகிக்கொண்டே போனார், வந்தார். "முழுசு. ஒன்னு. தலைல இருந்து வாலு வரைக்கும் தடவிப் பாத்துட்டேன். போதுமா, இல்ல முத்தம் குடுத்துட்டு வரணுமா?" என்றார். போனை வைத்துவிட்டு பூத்துக்காரர் எதிரிலேயே தேம்பித் தேம்பி அழுதேன். பாவம் அந்த மனிதர், சாவுச் செய்தி என்று நினைத்து என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

மீதியைச் சொல்லுமுன் வேலை விஷயத்தை முடித்துவிடுகிறேன், அதற்குத்தானே கூப்பிட்டீர்கள். என் சுத்தப் பிரதியில் பேத்தை பதினொன்று, கொட்டியது பத்து என்றே எழுதினேன். பக்கத்தில், "ஒன்று படகின் முகப்பில் தொங்குகிறது" என்று குறித்தேன். மேலதிகாரி கூப்பிட்டு இது என்ன கூத்து என்று கேட்டார், நடந்ததைச் சொன்னேன். முன்பு நான் அழித்துச் சரி செய்த இடங்களையும் சொன்னேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனி. அடுத்த பயணத்தில் டிரைவரிடம் போய், "எவ்வளவுன்னு எழ்த மாட்டேன். ஆனா பை கட்டறதுக்கு முன்னாடி ஒருவாட்டி கண்ணால பாத்துக்கறேன்" என்றேன். சரி என்றுவிட்டார். மரியாதைக் குறைவாக யாருமே நினைக்கவில்லை. நான்தான் அப்படி நினைத்துக்கொண்டு பார்க்காமல் இருந்திருக்கிறேன். உங்கள் கணக்கிலும் இடிக்கும். இடிக்கும்போது ரப்பரைத் தேடாதீர்கள், மீனைத் தேடுங்கள். உங்களுக்குப் பயந்து ஒளித்து வைக்கிற மாதிரி படகில் நடந்துகொள்ளாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னேன். பெரியவர், "படகுக்குத் திருஷ்டியா? நம்ம உசுர எடுக்கப் பாத்துச்சே!" என்று தொடையில் அடித்துச் சிரித்தார். மதியத்திலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத சாந்தி அப்போதுதான் அழுதாள். என் முதுகில் இரண்டு குத்து விட்டாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குதுண்ணா" என்றாள்.

"எனுக்கும்தான்மா" என்றார் பெரியவர். டாக்டர் இன்னும் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார். வேனில் ஏறும்போது நான் ஓட்டலில் நிறுத்தச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "சம்மந்தி வூட்ல எல போட்டாங்க. பாதியில எழுந்து வந்துட்டேன். ஜல்தி அங்க போ" என்றார்.

வெளிச்சம் இருக்கும்போதே சேவூர் போய்ச் சேர்ந்தோம். யாரும் கலசப்பாக்கம் கிளம்பவில்லை, யாரும் சாப்பிடவும் இல்லை. கன்னியப்பன் அண்ணன் வாசலில் நின்றிருந்தார். பெரியவர் இறங்கி அவர் கையைப் பிடித்து, "சம்மந்தி, மீன் கொழம்பு சாயங்காலந்தான் ருசி. கொட்டிடலியே?" என்று கேட்டார். அண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

மறுபடியும் இலை போட்டார்கள். அதே குழம்பைச் சூடு பண்ணி ஊற்றினார்கள். எல்லோரும் பெரியவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் என்னைப் பார்த்தார். யாரும் கேட்காமலே நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு இலை வாங்கி, பெரிய துண்டாக ஒன்றை எடுத்து எல்லோருக்கும் முன்னால் தின்றேன். தின்று முடிக்கும் வரை தாய்மாமன் என் உதட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தார். அப்புறம் எல்லா இலையிலும் கை இறங்கியது. அண்ணி மதியத்திலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தவள் என் இலைக்கு முன்னால் நின்றாள். சட்டியைச் சாய்த்து, அடியில் கிடந்த நல்ல துண்டுகளாகத் தேடி எடுத்து, ஒன்றன் பின் ஒன்றாக மூன்று போட்டாள்.

"சாப்புடு. மத்தியானத்துல இருந்து நீயும்தானே ஒன்னும் துன்னல" என்றாள்.